12 வோல்ட் வந்தும் ஓடாத பம்பு



ஒரு காட்சியை மனத்தில் கொண்டு வாருங்கள். விடியற்காலை மூன்று மணி. கோல சிலாங்கூரில் மீன் ஏற்றிய சிறிய பெட்ரோல் லோரி ஒன்று செலாயாங் மொத்தச் சந்தைக்குப் புறப்பட வேண்டும். பெட்டிகளில் மீனும் ஐஸும் நிறைந்திருக்கின்றன. ஓட்டுநர் சாவியைத் திருப்புகிறார். ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, இஞ்சின் மட்டும் பற்றவில்லை. ஐஸ் உருகிக்கொண்டிருக்கிறது.

இரண்டு வாரங்களாகவே அந்த லோரி ஏற்றமான சாலைகளில் இழுக்காமல் திணறி வந்தது. இன்று அறவே கிளம்ப மறுக்கிறது. வந்து பார்த்த இளம் மெக்கானிக், பெட்ரோல் பம்புக்குப் போகும் வயரின் பிளக்கைக் கழற்றி, மல்டிமீட்டரை வைத்துப் பார்க்கிறார். 12.5 வோல்ட் காட்டுகிறது.

"கரண்ட் சரியா வருது அண்ணே. பம்புதான் போயிடுச்சு. மாத்திடலாம்," என்கிறார்.

புதிய பம்புக்குப் பல நூறு ரிங்கிட் ஆகும். அதை மாற்ற டேங்கையும் இறக்க வேண்டியிருக்கும். இவ்வளவும் செய்து முடித்த பிறகும் லோரி கிளம்பாவிட்டால்?

இந்தக் காட்சி பாடத்துக்காகக் கற்பனை செய்தது. ஆனால் இதிலுள்ள தவறு பட்டறைகளில் உண்மையாகவே நடப்பது. மெக்கானிக் அளந்த அளவு சரி. எடுத்த முடிவுதான் அவசர முடிவு. அது ஏன் என்பதைப் படிவம் 5 இயற்பியலில் நீங்கள் படிக்கும் ஓமின் விதியே விளக்கிவிடும். மலாய்ப் பாடநூலில் அருஸ், வோல்தான், ரிந்தாங்ஙான் என்று வருகிறதே, அந்த மின்னோட்டம், மின்னழுத்தம், மின்தடை ஆகிய மூன்றும்தான் இன்றைய பாடம்.

பம்பும் அதன் சுற்றும்

இன்றைய பெட்ரோல் வாகனங்கள் பெரும்பாலானவற்றில் எரிபொருள் பம்பு டேங்குக்குள்ளேயே அமர்ந்திருக்கிறது. அது நேர்மின்னோட்டத்தில் ஓடும் ஒரு சிறிய மோட்டார். பெட்ரோலை உறிஞ்சி, சுமார் 300 கிலோபாஸ்கல் அழுத்தத்தில் இஞ்சினுக்கு அனுப்புகிறது. இது வளிமண்டல அழுத்தத்தைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. அழுத்தம் குறைந்தால் இஞ்சினுக்குப் போதிய பெட்ரோல் கிடைக்காது. சமதரையில் எப்படியோ சமாளிக்கும், ஏற்றத்தில் திணறும். அழுத்தம் இன்னும் குறைந்தால் கிளம்பவே கிளம்பாது.

இந்தப் பம்புக்கான மின்சுற்று இரண்டு பகுதிகளைக் கொண்டது.

முதலாவது கட்டுப்பாட்டுச் சுற்று. சாவியைத் திருப்பியதும் இஞ்சினின் கணினி, ரிலேயின் கம்பிச்சுருளுக்கு மின்சாரம் தருகிறது. சுருளின் மின்தடை 80 ஓம் என்று வைத்துக்கொண்டால், 12 வோல்ட்டில் ஓடும் மின்னோட்டம் 0.15 ஆம்பியர்தான். சுருள் மின்காந்தமாகி ஒரு சிறிய இரும்புத் தகட்டை இழுக்கிறது. 'டிக்' என்ற ஓசை கேட்கிறது.

இரண்டாவது சுமைச் சுற்று. இழுக்கப்பட்ட தகடு ரிலேயின் தொடுமுனைகளைச் சேர்க்கிறது. பேட்டரியின் நேர்முனையில் தொடங்கி ஃபியூஸ், ரிலேயின் தொடுமுனைகள், வயர், பிளக், பம்பு என்று மின்னோட்டம் பாய்கிறது. இங்கே ஓடுவது சுமார் 6 ஆம்பியர். 0.15 ஆம்பியர் 6 ஆம்பியரை ஆள்கிறது. ரிலேயின் பயன் அதுதான்.

ஆனால் சுற்று பம்போடு முடிந்துவிடவில்லை. மின்னோட்டம் பேட்டரியின் எதிர்முனைக்குத் திரும்ப வேண்டும். லோரியில் அதற்கென முழு நீளத்துக்கு வயர் போடுவதில்லை. பம்பிலிருந்து வரும் ஒரு குட்டை வயரை லோரியின் இரும்புச் சட்டத்தில் போல்ட் போட்டு முடுக்கிவிடுவார்கள். மீதித் தூரத்துக்கு இரும்புச் சட்டமே வயராகிறது. பட்டறைகளில் இதை 'பாடி எர்த்' என்பார்கள். பலர் மறந்துவிடும் பகுதியும் இதுவே.

இன்னொரு செய்தி. சாவியைத் திருப்பி இஞ்சினைச் சுற்றவிடாமல் வைத்திருந்தால், பல வாகனங்களில் கணினி பம்பை ஏறக்குறைய 2 விநாடிகள் ஓட்டிவிட்டு நிறுத்திவிடும். விபத்தில் இஞ்சின் நின்றுபோனால் பம்பு தொடர்ந்து பெட்ரோலைத் தள்ளக்கூடாது என்பது இதற்கு ஒரு காரணம். அளக்கும்போது இதை நினைவில் கொள்ள வேண்டும்.

மீட்டர் பொய் சொன்னதா?

தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் ரப்பர் குழாயை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஓரிடத்தில் குழாய் நசுங்கிக் கிடக்கிறது. நீங்கள் அதன் வாயைக் கட்டைவிரலால் இறுக அடைத்துக்கொண்டால், சற்று நேரத்தில் விரலில் முழு அழுத்தமும் தெரியும். விரலை எடுத்துப் பாருங்கள். தண்ணீர் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். நீர் ஓடாதபோது நசுங்கல் தன்னைக் காட்டிக்கொள்வதில்லை, ஓடும்போதுதான் காட்டுகிறது.

இளம் மெக்கானிக் செய்ததும் விரலால் அடைத்த குழாயில் அழுத்தம் பார்த்த வேலைதான். பிளக்கைக் கழற்றியதும் பம்பு சுற்றிலிருந்து விலகிவிட்டது. அதன் இடத்தில் மீட்டர் வந்தது. டிஜிட்டல் மல்டிமீட்டரின் உள்தடை பொதுவாக 10 மெகாஓம், அதாவது ஒரு கோடி ஓம்.

சுற்றில் எங்கோ ஓரிடத்தில் துரு பிடித்து 2 ஓம் மின்தடை கூடியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மீட்டரும் துருவும் தொடர் இணைப்பில் உள்ளன. ஒரு கோடி ஓமுக்கு முன் 2 ஓம் எம்மாத்திரம்? ஓடும் மின்னோட்டம் ஏறக்குறைய ஒரு மைக்ரோஆம்பியர். துருவில் வீழும் மின்னழுத்தம் ஒரு வோல்ட்டில் பத்து லட்சத்தில் சில பங்கு. ஆகவே மீட்டர் முழு 12.5 வோல்ட்டையும் காட்டும்.

இப்போது பிளக்கை மாட்டுவோம். 12 வோல்ட்டில் 6 ஆம்பியர் இழுக்கும் பம்பை 2 ஓம் மின்தடையாகக் கருதலாம். உண்மையில் மோட்டார் வெறும் மின்தடை அன்று. அதன் சுழற்சி வேகத்துக்கேற்ப நடத்தை மாறும். ஆனாலும் கணக்குக்கு இது போதும்.

பம்பு 2 ஓம், துரு 2 ஓம், மொத்தம் 4 ஓம்.
மின்னோட்டம்: 12 ÷ 4 = 3 ஆம்பியர்.
பம்புக்குக் கிடைக்கும் மின்னழுத்தம்: 3 × 2 = 6 வோல்ட்.
துருவில் வீணாகும் மின்னழுத்தம்: அதுவும் 6 வோல்ட்.

திறனைப் பாருங்கள். நல்ல நிலையில் பம்புக்குக் கிடைத்திருக்க வேண்டியது 12 × 6 = 72 வாட். இப்போது கிடைப்பது 6 × 3 = 18 வாட். நான்கில் ஒரு பங்கு! பம்பு மெல்ல முனகும்; அழுத்தம் ஏறாது. இன்னொரு 18 வாட் துருப்பிடித்த இணைப்பில் வெப்பமாகிறது. அதனால் அந்த இணைப்பு சூடேறி, மேலும் கெடுகிறது.

மீட்டர் பொய் சொல்லவில்லை. "மின்னோட்டம் ஓடாதபோது இங்கே மின்னழுத்தம் உண்டா?" என்று கேட்டோம், "உண்டு" என்றது. "பம்பு ஓடும்போது அதற்கு எவ்வளவு கிடைக்கிறது?" என்று நாம் கேட்கவே இல்லை.

ஜெர்மனியின் கொலோன் நகரில் பள்ளி ஆசிரியராக இருந்த ஜார்ஜ் சைமன் ஓமுக்கும் இதுபோன்ற தொல்லை இருந்தது. அக்கால மின்கலங்களின் மின்னழுத்தம் நிலையாக நிற்கவில்லை. மின்னோட்டம் ஓடத் தொடங்கியதும் சரிந்தது. எனவே அவர் வெப்பவேறுபாட்டால் மின்சாரம் தரும் வெப்பமின் இரட்டையைப் பயன்படுத்தித் தம் சோதனைகளைத் திரும்பச் செய்தார். 1827இல் வெளிவந்த அவருடைய நூலில்தான் இன்று நாம் படிக்கும் விதி விரிவாக இடம்பெற்றது.

ஓடும்போது அளக்க வேண்டும்

இப்போது அந்த லோரிக்குத் திரும்புவோம். அனுபவமுள்ள ஒரு மெக்கானிக் என்ன செய்வார்?

ஃபியூஸ் முழுதாக அறுந்திருக்க முடியாது என்பதை அவர் உடனே அறிவார். அறுந்திருந்தால் பிளக்கில் 12.5 வோல்ட் வந்திருக்காது. ரிலேயில் 'டிக்' ஓசையும் கேட்டது. ஆனால் அந்த ஓசை கட்டுப்பாட்டுச் சுற்று வேலை செய்வதற்கு மட்டுமே சான்று. தொடுமுனைகள் கருகியிருந்தாலும் 'டிக்' கேட்கும்.

அடுத்து, பிளக்கை மாட்டியே வைத்து, அதன் பின்புறமாக மெல்லிய முனையை நுழைத்து அளப்பார். 2 விநாடிகள் போதாது என்பதால், ரிலேயைக் கழற்றிவிட்டு, அதன் 30, 87 என்ற எண்ணிட்ட முனைகளுக்குரிய துளைகளை ஃபியூஸ் உள்ள ஓர் இணைப்பு வயரால் சேர்ப்பார். பம்பு தொடர்ந்து ஓடும். அப்போது நான்கு இடங்களில் அளந்ததில் கிடைத்த அளவுகள் இவை:

பேட்டரியின் இரு முனைகளுக்கிடையே: 12.4 வோல்ட்.
பேட்டரியின் நேர்முனைக்கும் பம்பின் நேர் வயருக்கும் இடையே: 0.2 வோல்ட்.
பம்பின் இரு வயர்களுக்கிடையே: 6.1 வோல்ட்.
பம்பின் எர்த் வயருக்கும் பேட்டரியின் எதிர்முனைக்கும் இடையே: 6.1 வோல்ட்.

கூட்டிப் பாருங்கள். 0.2 + 6.1 + 6.1 = 12.4. தொடர் சுற்றில் ஒவ்வொரு பகுதியிலும் வீழும் மின்னழுத்தங்களின் கூட்டுத்தொகை, மூலத்தின் மின்னழுத்தத்துக்குச் சமம். கணக்கு நேராகிறது, ஒரு வோல்ட்கூடக் காணாமல் போகவில்லை. போகக்கூடாத இடத்துக்குப் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

கடைசி அளவைக் கவனியுங்கள். நல்ல வயரும் நல்ல இரும்புச் சட்டமும் இணைந்த பாதையில் மின்னழுத்த வீழ்ச்சி ஏறக்குறைய சுழியமாக இருக்க வேண்டும். நேர்ப் பக்கத்தில் அரை வோல்ட்டுக்குள்ளும், எர்த் பக்கத்தில் 0.2 வோல்ட்டுக்குள்ளும் இருந்தால் நல்லது என்பது பட்டறைகளில் கைக்கொள்ளும் ஒரு தோராயக் கணக்கு. இங்கோ 6.1 வோல்ட். பம்பில் குறையில்லை. குற்றவாளி பாடி எர்த்.

இப்படி அளந்தால் வரக்கூடிய முடிவுகள் மூன்று:

1. பம்பின் இரு முனைகளுக்கிடையே ஏறக்குறைய முழு மின்னழுத்தமும் இருக்கிறது; ஆனாலும் ஓடவில்லை என்றால், பம்பில்தான் பழுது.
2. பம்புக்குக் குறைவாகக் கிடைக்கிறது. எர்த் பக்கத்தில் வீழ்ச்சி அதிகம் என்றால், எர்த் இணைப்பில் பழுது.
3. பம்புக்குக் குறைவாகக் கிடைக்கிறது. நேர்ப் பக்கத்தில் வீழ்ச்சி அதிகம் என்றால், ஃபியூஸ் பிடிப்பான், பிளக், வயர் இவற்றில் ஏதோ ஒன்றில் பழுது.

மூன்றாவது முடிவு வந்தால் அடுத்து எங்கே தேடுவது? நேர்ப் பக்கத்தில் எட்டு இணைப்புகள் இருந்தால் ஒவ்வொன்றாக அளக்க வேண்டியதில்லை. நடுவில் ஓரிடத்தில் அளந்தால் பழுது முன்பாதியிலா பின்பாதியிலா என்று தெரிந்துவிடும். அந்தப் பாதியையும் மீண்டும் பாதியாக்கலாம். எட்டு நான்காகி, இரண்டாகி, ஒன்றாகும். பழுது ஒன்றே என்றால் மூன்றே அளவீடுகள் போதும். கணினி அறிவியலில் இருமத் தேடல் என்று படிப்பதும் இதே முறைதான்.

உப்பு நீர் செய்த வேலை

எர்த் இணைப்பு ஏன் கெட்டது? மீன் பெட்டிகளிலிருந்து உருகிய ஐஸ் தண்ணீர், மீனில் ஒட்டியிருந்த கடலுப்போடு சேர்ந்து, நாள்தோறும் லோரியின் அடிச்சட்டத்தில் சொட்டியது. எர்த் வயரின் நுனியில் உள்ள வளையம் வெள்ளீயம் பூசிய செம்பு. அது முடுக்கப்பட்ட சட்டம் இரும்பு. இரண்டு வெவ்வேறு உலோகங்கள், நடுவே உப்புநீர். வேதியியல் பாடத்தில் நீங்கள் செய்த எளிய மின்கலம் நினைவுக்கு வருகிறதா? மின்வேதித் தொடரில் இரும்பு செம்பையும் வெள்ளீயத்தையும் விட வினைத்திறன் மிக்கது. எனவே இரும்பு எலக்ட்ரான்களை இழந்து அரிக்கப்படுகிறது. உருவாகும் துரு மின்சாரத்தை எளிதில் கடத்தாது.

போல்ட் வெளியே இறுக்கமாகத்தான் தெரியும். துருவோ வளையத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே மறைந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாததை மின்னழுத்த வீழ்ச்சி காட்டிக்கொடுத்தது.

பழுதுபார்ப்பு எளிது. பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, எர்த் போல்ட்டை எடுத்து, வளையத்தையும் சட்டத்தையும் உலோகம் பளபளக்கும்வரை தேய்த்து, மீண்டும் இறுக முடுக்கி, நீர் புகாதபடி மேலே கிரீஸ் பூச வேண்டும். செலவு ஒரு துண்டு உப்புத்தாளும் கொஞ்சம் கிரீஸும்.

வேலை அங்கே முடிவதில்லை. மீண்டும் அளக்க வேண்டும். பேட்டரி 12.3, நேர்ப் பக்க வீழ்ச்சி 0.4, பம்பு 11.8, எர்த் பக்கம் 0.1 வோல்ட். மின்னோட்டம் ஏறத்தாழ இரட்டிப்பானதால் நேர்ப் பக்க வீழ்ச்சியும் 0.2இலிருந்து 0.4 ஆகியிருப்பதைக் கவனித்தீர்களா? ஓமின் விதி அங்கேயும் பிசகவில்லை. இப்போதுதான் பழுது தீர்ந்தது என்று உறுதியாகச் சொல்லலாம்.

எச்சரிக்கை: பெட்ரோல் ஆவி ஒரு சிறு தீப்பொறியிலும் பற்றிக்கொள்ளும். பெட்ரோல் டேங்குக்கு அருகே வயர்களைக் கழற்றுவதும் மாட்டுவதும் பயிற்சி பெற்றவர்கள் செய்யும் வேலை. வீட்டு வாகனத்தில் நீங்கள் முயலக் கூடாது. கீழேயுள்ள சோதனையை மேசைமேல் செய்யுங்கள்.

செய்து பாருங்கள்

தேவையானவை: 1.5 வோல்ட் பேட்டரிகள் இரண்டு, 2.5 வோல்ட் 0.3 ஆம்பியர் டார்ச் பல்பு ஒன்று, 10 ஓம் மின்தடை ஒன்று, வயர், மல்டிமீட்டர்.

1. பேட்டரிகளைத் தொடராக இணைத்து, அவற்றோடு பல்பை இணையுங்கள். பல்பு நன்றாக எரியும்.
2. பல்பிலிருந்து எதிர்முனைக்குத் திரும்பும் வயரில் 10 ஓம் மின்தடையைச் சேருங்கள். இதுதான் நம் 'துரு'. பல்பு மங்கிவிடும் அல்லது எரியாது.
3. பல்பைக் கழற்றிவிட்டு, அது இருந்த இடத்தில் மின்னழுத்தத்தை அளந்து பாருங்கள். சுமார் 3 வோல்ட் காட்டும்.
4. பல்பை மாட்டி, அதன் இரு முனைகளுக்கிடையே அளந்து பாருங்கள். 1.5 வோல்ட்டுக்கும் கீழே இறங்கியிருக்கும்.
5. இப்போது 'துரு'வின் இரு முனைகளுக்கிடையே அளந்து பாருங்கள். காணாமல் போன வோல்ட்டுகள் அங்கே இருக்கும்.

சிந்தித்து விடை கூறுங்கள்

கேள்வி 1: பிளக் மாட்டிய நிலையில் பம்பின் இரு முனைகளுக்கிடையே 12.5 வோல்ட், எர்த் பக்க வீழ்ச்சி சுழியம், பம்பு ஓடவில்லை. பழுது எங்கே? எர்த் பக்க வீழ்ச்சி ஏன் சுழியம்?

கேள்வி 2: பேட்டரி 12.4 வோல்ட், நேர்ப் பக்க வீழ்ச்சி 4.8, பம்பு 7.5, எர்த் பக்கம் 0.1 வோல்ட். நேர்ப் பக்க வீழ்ச்சியில் 4.5 வோல்ட் ரிலேயின் தொடுமுனைகளில் மட்டும் இருக்கிறது. பம்பை 2 ஓம் எனக் கொண்டு, தொடுமுனைகளின் மின்தடையைக் கணக்கிடுங்கள்.

கேள்வி 3: பம்பின் 15 ஆம்பியர் ஃபியூஸ் அடிக்கடி அறுந்துபோகிறது. அதற்குப் பதில் 30 ஆம்பியர் ஃபியூஸ் போடலாமா?

விடைகள்

1: பழுது பம்பினுள் இருக்கிறது, அதன் உட்சுற்று அறுந்துவிட்டது. மின்னோட்டம் ஓடாததால் எர்த் பக்கத்தில் வீழ்ச்சி இல்லை. சுழியத்தை எந்த மின்தடையால் பெருக்கினாலும் சுழியமே. எனவே இந்த நிலையில் எர்த் இணைப்பு நல்லது என்று முடிவு கட்டவும் கூடாது. புதிய பம்பு போட்ட பின் மீண்டும் அளக்க வேண்டும்.

2: மின்னோட்டம் 7.5 ÷ 2 = 3.75 ஆம்பியர். தொடுமுனைகளின் மின்தடை 4.5 ÷ 3.75 = 1.2 ஓம். தொடுமுனைகள் கருகியிருக்கலாம், ரிலேயை மாற்ற வேண்டும்.

3: கூடாது. ஃபியூஸ் அறுவது மிகையான மின்னோட்டம் ஓடுவதன் அடையாளம். எங்கோ வயர் உராய்ந்து சட்டத்தைத் தொடலாம். அல்லது பம்பு இறுகிப்போயிருக்கலாம். பெரிய ஃபியூஸ் போட்டால் அடுத்து உருகுவது வயராக இருக்கும்.

மீன் லோரி கிளம்பிவிட்டது. வண்டியைப் பழுதுபார்ப்பவருக்கு மட்டும் உரிய பாடம் அன்று இது. அடுத்த முறை ஆய்வுக்கூடத்தில் ஒரு சுற்று வேலை செய்யாவிட்டால், பல்பையோ மோட்டாரையோ குறை சொல்வதற்கு முன், சுற்றை இணைத்தே வைத்து, மின்னோட்டம் ஓட முயலும்போது மின்னழுத்தம் எங்கே போகிறது என்று அளந்து பாருங்கள்.